ஆர்.கே.ஓ. கோபுரம் எழுந்து நிற்கிறது

ஆர்.கே.ஓ. என்ற பழைய ஹாலிவுட் கம்பெனியின் படங்களின் தொடக்கத்தில் மேகங்களுக்கு நடுவே உலக உருண்டை சுழலும். அதன் உச்சியில் ஒரு ரேடியோ கோபுரம், மோர்ஸ் (எழுத்துகளைப் புள்ளி, கோடுகளாக அனுப்பும் தந்தி முறை) ஒலியோடு மின்னலை வீசும். ஹாலிவுட் சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மேசை மேல் வைக்கிற அளவில் அதைச் செய்து வருகிறேன்.

உருண்டை சுழல வேண்டும், கோபுரம் அசையக் கூடாது. அதனால் தெர்மாகோல் பந்தின் நடுவே பித்தளைக் குழாய் ஒன்றை நிலையாக நிறுத்தி, பந்து மட்டும் அதைச் சுற்றும்படி செய்தேன். எல்.இ.டி. ஒயர்களும் அந்தக் குழாய் வழியாகவே மேலே போகின்றன. கோபுரம் செம்புக் கம்பி. ஒரு மூட்டில் சால்டரிங் வைத்தால் பக்கத்து மூட்டு இளகிவிடும். அதில் ஈரப்பஞ்சைச் சுற்றிக்கொண்டால் பிடித்து நிற்கிறது.

சினிமா கம்பெனிக்கு ரேடியோ கோபுரம் எதற்கு? பேசும் படம் வந்த புதிதில் ரேடியோ கம்பெனியான ஆர்.சி.ஏ.விடம் போட்டோபோன் என்ற ஒலிப்பதிவு முறை இருந்தது. ஆனால் பெரிய ஸ்டுடியோக்கள் போட்டியாளரான வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பக்கம் போய்விட்டன. சரி, நாமே ஒரு ஸ்டுடியோவை உருவாக்குவோம் என்று ஆர்.சி.ஏ.வின் டேவிட் சர்னாஃப் இறங்கினார். ஜோசப் கென்னடியின் எஃப்.பி.ஓ. ஸ்டுடியோவும் கீத்-ஆல்பி-ஆர்ஃபியம் தியேட்டர்களும் சேர்ந்து, 1928இல் ரேடியோ-கீத்-ஆர்ஃபியம், அதாவது ஆர்.கே.ஓ., பிறந்தது. எம்.ஜி.எம். சிங்கமோ பாரமவுண்ட் மலையோ கம்பெனியின் தொழிலைச் சொல்வதில்லை. இந்தக் கோபுரம் சொல்கிறது. அதனால்தான் ஒலி இல்லாமல் இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பல வருடங்கள் அந்தக் கோபுரம் தட்டிய செய்தி 'ஏ ரேடியோ பிக்சர்'. அதையே ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் நிரலாக எழுதி, பஸ்ஸரையும் எல்.இ.டி.யையும் சேர்த்து இயக்குகிறேன். கோடு என்பது மூன்று புள்ளி நேரம், எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. இந்த இடைவெளிகளைச் சரியாக வைத்ததும் வெறும் பீப் சத்தம் செய்தியாகிவிட்டது! இந்த வேலையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கட்டம் அதுதான்.

ஆர்.கே.ஓ. 1957இல் படத் தயாரிப்பை நிறுத்தியது. ஸ்டுடியோ இடங்களை டி.வி. தயாரிப்பு கம்பெனியான டெசிலு வாங்கியது, அப்புறம் ஹாலிவுட் இடம் பாரமவுண்டோடு சேர்ந்தது. மெல்ரோஸ், கோவர் தெருக்கள் சந்திக்கும் மூலையில் அந்த உலக உருண்டை இன்னும் கட்டடத்தின் மேல் இருக்கிறது.

மேகங்கள் பாக்கி. பஞ்சைக் கண்ணாடித் தாளில் ஒட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கப்போகிறேன். அது முடிந்ததும், படத்தின் கடைசியில் வரும் மின்னல் முக்கோணம்.