நாப்பனியில் சுவர் வருவதற்கு முன்பே சமையலறை கட்டுகிறார்கள்

நேற்று இரவுதான் சிகாகோ திரும்பினோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். கட்டில், அடுப்பு, கழிப்பறை, குளியலறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடுகிற மோட்டார் ஹோமை, சக்கரமும் எஞ்சினும் மட்டும் பூட்டிய வெறும் சேஸிஸிலிருந்து முழு வண்டியாகும்வரை கூடவே நடந்து பார்த்தோம். அதுவும் இலவசமாக! அமெரிக்காவில் நான் காசு கொடுத்துப் பார்த்த எந்த இடமும் இதற்கு ஈடில்லை.

பார்த்தோம் என்றால் நானும் மாமாவும். மாமா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். மகளைப் பார்க்க வந்த இடத்தில் அருவி, கட்டடம் என்று எதைக் காட்டினாலும் தலையாட்டிவிட்டுப் பேசாமல் வந்துகொண்டிருந்தார். இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் வட்டாரம் என்று ஒன்று இருக்கிறது, வட அமெரிக்காவில் ஓடும் இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பகுதி அங்கேதான் செய்யப்படுகிறது என்று சொன்னதும், "எப்பப் போலாமுங்க மாப்பிள்ளை?" என்றார்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். சிகாகோவிலிருந்து சவுத் பெண்ட் வரை ரயில் இருக்கிறது. மலிவு, ஆளுக்கு 15 டாலருக்குள்தான். ஆனால் சவுத் பெண்ட் கிழக்கு நேரத்தில் இருக்கிறது, சிகாகோ மத்திய நேரத்தில். ரயில் அட்டவணையிலோ கடைசி நிலையம்வரை சிகாகோ நேரத்தையே போட்டிருக்கிறார்கள். இறங்கியதும் கைபேசி ஒரு மணி நேரம் முன்னால் தாவிவிட்டது. எல்கார்டில் இந்த வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அன்று மாலை அதை நிதானமாகப் பார்ப்பதாகத் திட்டம். கிடைத்தது நாற்பது நிமிடம்தான்.

அந்த அவசரத்தில் நிலையத்து வாசலில் நின்ற ஒரு டாக்சியைப் பிடித்தோம். எல்கார்டில் நிறுத்தி, பிறகு தொழிற்சாலை இருக்கும் நாப்பனி ஊரில் விட மொத்தம் 90 டாலர் என்று பேச்சு. நாப்பனி போய் இறங்கியதும் 135 கேட்டார். அருங்காட்சியக வாசலில் காத்திருந்ததற்குத் தனிக் காசாம். ஏறும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருட்டிவிட்டது, மாமா கையில் பையோடு நிற்கிறார், கொடுத்துத் தொலைத்தேன். கூடுதலாகப் போன 45 டாலர் எங்கள் இருவரின் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. காத்திருப்புக்கு எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே கேட்டு, சொன்ன தொகையைக் கைபேசியில் எழுதி ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள்.

அந்த நாற்பது நிமிடமும் வீணில்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் 1913ஆம் ஆண்டின் வீட்டு வண்டி ஒன்று அங்கே இருக்கிறது, மரத்தில் செய்த சின்ன அறை. 1931இல் நடிகை மே வெஸ்டுக்காக ஷெவர்லே சேஸிஸில் கட்டிய வீட்டு வண்டியும் இருக்கிறது. மாமா அதன் கதவோரத்தில் குனிந்து மர வேலையைப் பார்த்தபோதே இந்தப் பயணம் சரியாக அமையும் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நியூமார் தொழிற்சாலை. 1968இல் இதே நாப்பனியில் தொடங்கிய நிறுவனம், 2019இல் இதே தொழிலில் உள்ள வின்னபேகோ நிறுவனம் இதை வாங்கியது. முன்கூட்டியே பதிந்திருந்தோம். மூடிய காலணி போட்டுப் போங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அவர்களே தருகிறார்கள்.

நான் ரோபோக்களை எதிர்பார்த்துப் போனேன். கார் தொழிற்சாலைப் படங்களில் இரும்புக் கைகள் பொறி பறக்க வெல்டிங் செய்யுமே, அப்படி. கதவைத் தாண்டியதும் மரத்தூள் வாசனை வந்தது, பசை வாசனை வந்தது, ஸ்குரூ முடுக்கும் கருவிகளின் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. எங்களைக் கூட்டிப்போன வரிசையில் ஒரு ரோபோவைக்கூட நான் பார்க்கவில்லை. அத்தனையும் மனிதக் கை.

வரிசையின் தொடக்கத்தில் சேஸிஸ் நிற்கிறது. நீளமான சட்டம், சக்கரங்கள், பின்னால் டீசல் எஞ்சின், முன்னால் ஸ்டீயரிங். அவ்வளவுதான். இதில் ஒரு வகை ஃபிரைட்லைனர் என்ற லாரி நிறுவனத்துடையது, தென் கரோலினாவிலிருந்து வருகிறது. மாமா அங்கேயே நின்றுவிட்டார். எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறும் சேஸிஸை ஓட்டி வரும் டிரைவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சேஸிஸ்களை வாசலில் நின்று வாங்கிய மனுஷர் இவர். "நம்ம பட்டறை வாசல் மாதிரியே இருக்குதுங்க" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

ஆனால் அடுத்த கட்டத்திலேயே அவருக்குப் பெரிய ஆச்சரியம். பஸ்ஸுக்கு முதலில் கூண்டு கட்டுவார்கள், கூரையும் பக்கத் தகடும் போட்டு மூடுவார்கள், சீட்டெல்லாம் அப்புறம். இங்கே தலைகீழ். முதலில் தரை. தரைக்கு அடியில் நல்ல தண்ணீருக்கு ஒன்று, கை கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று மூன்று தொட்டிகள். குழாய்களும் ஒயர் கட்டுகளும் வரிசையாகப் போகின்றன. பிறகு தரைக்கு மேல் சமையல் மேடை, அலமாரி, குளியலறை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சுவரே இல்லை! தொழிற்சாலை நடுவில் ஒரு முழுச் சமையலறை திறந்தவெளியில் நிற்கிறது, சின்க்கும் குழாயும் மாட்டியாகிவிட்டது, அதைத் தாண்டி அந்தப் பக்கம் ஆட்கள் நடப்பது தெரிகிறது.

ஏன் இப்படி என்று கேட்டேன். வண்டியின் வாசல் குறுகல், சுவரை மூடிவிட்டால் பெரிய சாமான் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது என்றார் வழிகாட்டி. எங்களோடு சுற்றி வந்த ஒஹையோ தம்பதி உடனே ஆமோதித்தார்கள். அவர்களுடைய பழைய வண்டியில் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனபோது, புதியதை ஏற்ற முன்கண்ணாடியையே கழற்ற வேண்டியிருந்ததாம்.

அலமாரிக் கதவு மாட்டும் இடத்தில் இருபது இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தான். கதவை மூடுகிறான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மேலிருந்து கீழே கட்டைவிரலை ஓட்டுகிறான். திறந்து கீல் ஸ்குரூவைக் கால் திருப்பு திருப்புகிறான். மறுபடி மூடி, மறுபடி கட்டைவிரல். மூன்றாவது தடவைதான் அடுத்த கதவுக்குப் போனான். மாமா என் தோளைத் தொட்டு, "ஸ்கேல் தேவையில்லீங்க மாப்பிள்ளை, அவனுக்கு விரல்லயே அளவு இருக்குது" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பையன் சிரித்துவிட்டுத் தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

சுவர் வருவதுதான் உச்சம். அலுமினியச் சட்டம், நடுவில் நுரை அடைப்பு, வெளியே ஃபைபர் கிளாஸ். வண்டியின் முழு நீளத்துக்கும் ஒரே சுவர், ஜன்னல் ஓட்டைகள் ஏற்கெனவே வெட்டியிருக்கின்றன. மேலே ஓடும் கிரேன் அதைத் தூக்கி வர, நான்கு பேர் ஓரங்களைப் பிடித்து மெதுவாகத் தரை விளிம்பில் இறக்குகிறார்கள். ஒரு நிமிடம் முன்னால் பார்த்த சமையலறை மறைந்துபோய் எதிரில் ஒரு வண்டி நிற்கிறது! இதே மாதிரி மறுபக்கம், அப்புறம் கூரை. பக்கவாட்டில் வெளியே நீண்டு அறையை அகலமாக்கும் பெட்டிகளையும் மாட்டி, உள்ளே வெளியே இழுத்துப் பார்க்கிறார்கள். மோட்டார் ஹோமுக்குள் அந்த வசதியை 1990இல் கொண்டுவந்தது இதே நிறுவனம்தான். பெயிண்ட் பகுதியில் ஒவ்வொரு வளைவுக் கோட்டுக்கும் கையால் டேப் ஒட்டுகிறார்கள். கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சி ஒழுகல் பார்க்கிறார்கள்.

விலையைக் கேட்டேன். நாங்கள் பார்த்த டச் ஸ்டார் வகை அரை மில்லியன் டாலருக்கு மேல். என் வாழ்நாளில் வாங்கப்போவதில்லை, ஆனாலும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகு விலை எங்கே போகிறது என்று தெரிந்தது.

இப்போது முக்கியமான விஷயம். இந்த வரிசையில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் ஆமிஷ் மக்கள், நவீன வசதிகளைப் பெரும்பாலும் ஒதுக்கி எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகம். மீசை இல்லாத தாடி, தோள் பட்டை வைத்த கால்சட்டை, தங்களுக்குள் பேசுவது ஒரு ஜெர்மன் வழக்கு. அவர்கள் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை, ஓட்டுவதில்லை. குதிரை வண்டி, சைக்கிள், தூரமென்றால் அடுத்தவர் ஓட்டும் வாடகை வேன். ஊர்க் கடைகளின் முன்னால் குதிரை கட்டக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் தொடாத ஒரு சமூகம் இவ்வளவு பெரிய வண்டியை இவ்வளவு அக்கறையோடு செய்கிறது. எனக்கு இது உண்மையிலேயே மரியாதையை வரவழைத்தது.

தொழில் நிலையானது என்று நினைக்க வேண்டாம். மக்கள் கையில் பணம் இறுகினால் முதலில் விற்காமல் போவது இந்த வண்டிதான். 2009 வசந்தத்தில் எல்கார்ட் வட்டாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்குச் சற்று முன்பு, வேலையிழப்பு ஏறிக்கொண்டிருந்தபோதே, ஒபாமா பதவியேற்ற மூன்று வாரத்துக்குள் இங்கே வந்து பேசினார். கரூரில் சேஸிஸ் வராமல் பட்டறை மூடிக்கிடந்த மாதங்களை மாமா அப்போதுதான் எனக்கு முதல்முறையாகச் சொன்னார்.

மதியம் ஓர் ஆமிஷ் சாப்பாட்டுக் கடை. மசித்த உருளைக்கிழங்கின் மேலேயே நூடுல்ஸைக் கொட்டித் தருகிறார்கள், கோழிக் குழம்பில் வெந்த தடித்த நூடுல்ஸ். மாவுக்கு மேல் மாவா என்று தயங்கினேன், ஆனால் அபாரம். மொறுமொறு கோழி, சூடான ரொட்டி, அதில் தடவ மார்ஷ்மெல்லோ கலந்து இனிப்பாக்கிய நிலக்கடலை வெண்ணெய். கடைசியில் இண்டியானாவின் சொந்தப் பலகாரமான சர்க்கரை கிரீம் பை, நம்ம பாசந்தியை மாவு ஓட்டில் ஊற்றி உறைய வைத்த மாதிரி. இருவருக்கும் டிப்ஸோடு 41 டாலர். இந்தப் பயணத்தில் மனசு வலிக்காமல் கொடுத்த காசு இது ஒன்றுதான்.

வேலை விடியுமுன்பே தொடங்கி மதியத்துக்குப் பின் சீக்கிரமே முடிந்துவிடும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். மாமா கேட்டதால் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வாசலுக்கு நடந்தோம். சாப்பாட்டுப் பெட்டியைப் பின்னால் கட்டிய சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சோதனை ஓட்டம் முடித்துத் திரும்பிய பளபளப்பான வண்டி ஒன்று உள்ளே போக வழியில்லாமல் ஓரமாக நின்றது. கட்டைவிரல் பையனும் வந்தான், மாமாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மிதித்துப் போனான். கடைசி சைக்கிள் தாண்டியதும்தான் வண்டி நகர்ந்தது.

"எழுபத்தி மூணுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.