இறால் மேல் பழி போட்ட ஆறு மாதம்

கடலூரில் இருந்துகொண்டு ஆறு மாதம் இறால் வாங்கவில்லை என்றால் நம்புவீர்களா? வழக்கமாக வாங்கும் மீன்காரம்மாவே "என்னம்மா, வீட்ல மாலை போட்டிருக்காங்களா" என்று கேட்டுவிட்டார்.

போன ஆடியில் ஆரம்பித்தது. பத்து வயதுப் பையன், மூன்று பரோட்டாவும் இறால் தொக்கும் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் சில்வர் பீச் மணலில் பசங்களோடு ஓடிப் பிடித்து விளையாடினான். திரும்பி வரும்போது காது இரண்டும் சிவந்திருந்தது, உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைவதற்குள் வயிறு முழுக்கத் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, "தொண்டைல என்னமோ அடைக்குதும்மா" என்கிறான். என் மாமியார் பார்த்ததும் "காணாக்கடிதாம்மா" என்று வெற்றிலையில் மிளகு வைத்து நீட்டினார். பக்கத்து கிளினிக்கில் அவில் என்ற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டு அனுப்பினார்கள். அடங்கிவிட்டது, எங்கள் நல்ல நேரம். தடிப்போடு வாந்தியும் தொண்டை அடைப்பும் சேர்ந்தால் முதலில் போட வேண்டியது தொடைத் தசையில் அட்ரினலின், அவில் அரிப்பைத்தான் குறைக்கும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சரி, இறால்தான் என்று எல்லோரும் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

அப்புறம் காணும் பொங்கல். இறால் வாசனைகூட வீட்டில் இல்லை. காலையில் பல் வலி என்றான், வீட்டில் மிச்சமிருந்த ஐபுபுரூஃபன் சிரப்பை நான்தான் கொடுத்தேன். நாலு சப்பாத்தி சாப்பிட்டான். தெருவில் சாக்கு ஓட்டம். பாதி தூரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை, கண் செருகிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அவசரப் பிரிவில் தொடையில் அட்ரினலின் போட்ட பத்து நிமிடத்துக்குள் முகத்தில் நிறம் திரும்பியது. சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

பிறகு புதுச்சேரியில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனோம். என்ன சாப்பிட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுபோன நோட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "சாப்பிட்ட பிறகு என்ன செஞ்சான்? வேற மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?" அந்த இரண்டையும் எழுதியபோதுதான் எனக்கே உறைத்தது, இரண்டு தடவையும் கோதுமை (பரோட்டா மைதாவும் கோதுமைதானே), இரண்டு தடவையும் ஓட்டம்.

ஒரு மாதம் கழித்துத் தோல் பரிசோதனை, அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்தை நிறுத்தச் சொன்னார். இறாலுக்கு ஒன்றும் வரவில்லை. கோதுமைக்கான சாதாரண ரத்தப் பரிசோதனைகூட அரைகுறையாகத்தான் காட்டியது, ஒமேகா-5 கிளையாடின் என்ற கோதுமைப் புரதத்துக்குத் தனியாக எடுத்ததில்தான் தெளிவாக வந்தது. தனியாகக் கோதுமை சாப்பிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, தனியாக ஓடினாலும் ஆகாது. சேர்ந்தால்தான். ஐபுபுரூஃபன், காய்ச்சல், தூக்கமின்மை இதெல்லாம் கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம். குடல் வழக்கத்தைவிட அதிகப் புரதத்தை ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது என்று விளக்கினார். 1979-லேயே அமெரிக்காவில் ஓட்டக்காரர் ஒருவருக்கு இப்படி வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்களாம், அவருக்குக் காரணம் சிப்பி இறால் வகையறா. ஆக எங்கள் இறால் சந்தேகம் முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை, ஆள்தான் மாறிவிட்டது.

இப்போது கோதுமை சாப்பிட்டால் நாலு மணி நேரம் ஓட்டம் கிடையாது. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று மாமியாரை நம்பவைக்கவே ஒரு வாரம் ஆனது. பிடி பீரியட் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்து வருவதால் டிபன் பாக்ஸில் சோறு மட்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்தான், அதுவும் அவரைக் கேட்டுவிட்டு. பையில் அட்ரினலின் ஆம்பூல், ஒரு மில்லி சிரிஞ்ச். அவன் 28 கிலோ, அதனால் 0.28 மில்லியில் கோடு போட்டுக் காட்டினார், இன்சுலின் சிரிஞ்ச் ஊசி தசைவரை போகாது, அதை எடுக்காதீர்கள் என்றார். தண்ணீரை ஏற்றி சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினேன். போட்ட பிறகு படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்கணும், சரியாகிவிட்டது என்று எழுப்பி நடக்கவிடக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்கு.

கடைசியில் பையன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அப்போ பரோட்டா?"

"ராத்திரி சாப்பிடு. சாப்பிட்டுட்டுக் கட்டில்ல ஏறிக் குதிக்காம படுத்துடணும்."

அன்றைக்கே திரும்பி வரும் வழியில் இறாலும் அரைக் கிலோ வாங்கினோம்.