புல எண்ணோடு போங்கள்: தென்காசி மாவட்டத்தில் படப்பிடிப்பு அனுமதி வாங்கிய அனுபவம்

2024 ஆகஸ்ட் மாதத்தில் தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறு முதலீட்டுப் படத்தின் வெளிப்புறக் காட்சிகளைப் பத்து நாட்கள் எடுத்தோம். முப்பத்திரண்டு பேர், இரண்டு வேன்கள், ஒரு ஜெனரேட்டர் வண்டி, இவ்வளவுதான் எங்கள் யூனிட். தயாரிப்பு நிர்வாகி என்ற முறையில் அனுமதி வாங்கும் வேலை என்னிடம் வந்தது. சென்னையில் சில படங்களுக்கு அந்த வேலையைச் செய்திருந்ததால், ஒரு கடிதம் கொடுத்து, ஒரு கட்டணம் கட்டி, ஓர் உத்தரவை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் ஜூலை 8ஆம் தேதி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன்.

அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பது தெரிந்தும் போனது என் தவறுதான். வாசலில் காவலர்கள் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்தார்கள். என் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுவோடு நின்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவில், சூரியகாந்தி வயலில் பாட்டு எடுக்க அனுமதி கேட்டு நிற்பது எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை என்பதும், செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தபால் பிரிவில் கடிதத்தைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டால் போதும் என்பதும் பிற்பகலில்தான் தெரிந்தது.

கடிதத்தில் நான் எழுதியிருந்த இடங்கள் இவை: சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்கள், அதே ஊரில் ஒரு தெரு, ஊருக்கு வெளியே ஒரு குளக்கரை, செங்கோட்டை ரயில் நிலையம், குற்றாலத்துக்கு மேலே ஓர் அருவி. கடிதத்தைப் படித்த பிரிவு உதவியாளர் பேனாவால் ஒவ்வோர் இடத்தின் கீழும் கோடு போட்டுவிட்டுச் சொன்னார்: “சார், இதெல்லாம் ஊர் பேரு. எங்களுக்கு நம்பர் வேணும். எந்தச் சர்வே நம்பர்ல நிக்கப் போறீங்கன்னு தெரியாம நான் யாருக்குன்னு அனுப்புவேன்?”

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. கேமராவுக்கு அது ஒரே நிலக்காட்சி: முன்னால் பூ, நடுவில் பாதை, பின்னால் ஓடை, அதற்கும் அப்பால் மேகம் மூடிய மேற்குத் தொடர்ச்சி மலை. வருவாய்க் கணக்கில் அது குறைந்தது ஐந்து பேருக்குச் சொந்தமானது. பூ நிற்பது பட்டா நிலம். அதற்கு ஆட்சியரின் அனுமதியைவிட உரிமையாளரின் சம்மதம்தான் முதலில் வேண்டும். நடுவில் போகும் வண்டிப்பாதையும் ஓடையும் புறம்போக்கு. அவற்றுக்கு வட்டாட்சியர் அறிக்கை தர வேண்டும். மலையடிவாரம் காப்புக்காடு, அங்கே வனத்துறையைத் தவிர வேறு எவரும் அனுமதி தர முடியாது. குளமோ இன்னும் சிக்கலானது. நூறு ஏக்கருக்கு, அதாவது சுமார் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள குளம் நீர்வளத்துறையின் பராமரிப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நாங்கள் பார்த்த குளத்தை ஊரில் எல்லோரும் ‘பஞ்சாயத்துக் குளம்’ என்றே சொன்னார்கள். கணக்கைப் பார்த்தால் அது நீர்வளத்துறைக் குளம். ஊர்ப்பேச்சை நம்பி ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் சில நாட்களை விழுங்கிவிட்டது.

ஆகவே விடுதி அறையில் உட்கார்ந்து, வருவாய்த்துறையின் இணையச் சேவையில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் (அதுதான் சர்வே நம்பர்) நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து அச்சிட்டேன். அந்தத் தாள்களோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தபோது அவர் முகமே மாறிவிட்டது. முதல் நாள் ‘பார்ப்போம் சார்’ என்று அனுப்பிவைத்தவர், இப்போது மேசை மேல் புலப்படத்தை விரித்து, பென்சிலால் உட்பிரிவுகளைச் சுற்றிக் காட்டினார். நாங்கள் கேமரா ட்ராலிக்குத் தண்டவாளம் போட நினைத்திருந்த இடத்தில் அவர் பென்சில் நின்றது. ஒரு பக்கத் தண்டவாளம் பட்டா நிலத்திலும் மறு பக்கத் தண்டவாளம் ஓடைப் புறம்போக்கிலும் விழும்படி நாங்கள் திட்டமிட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. “நாலடி கிழக்க தள்ளிக்கோங்க சார், உங்களுக்கும் எனக்கும் ஒரு கடுதாசி மிச்சம்” என்றார். தள்ளிக்கொண்டோம்.

திருத்திய விண்ணப்பத்தை ஜூலை 12ஆம் தேதி கொடுத்தேன். இந்த முறை முதல் பக்கத்தில் தேதி, நேரம், புல எண், உரிமை, ஆட்கள், வாகனங்கள் என்று ஓர் அட்டவணை. அதன் பின்னால் காட்சிச் சுருக்கம், பட்டாதாரரின் சம்மதக் கடிதம், வாகனப் பதிவுச் சான்றுகள், சேதம் ஏற்பட்டால் ஈடுசெய்வோம் என்ற உறுதிமொழி. காட்சிச் சுருக்கத்தில் ‘சண்டை’ என்ற சொல் ஓரிடத்தில் இருந்தது. அண்ணன் தம்பி வாய்ச்சண்டையைத்தான் அப்படி எழுதியிருந்தோம். அந்த ஒரு சொல்லுக்காக, ஆயுதம் உண்டா, வெடி உண்டா, கூட்டம் கூடுமா என்று தனியாக விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ‘வாக்குவாதம்’ என்று எழுதியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

அங்கிருந்து கடிதம் பயணப்படும் வழியை நான் கடைசிவரை பின்தொடர்ந்தேன். ஆட்சியர் அலுவலகத்தில் ந.க. எண், அதாவது கோப்பின் பதிவு எண், விழுகிறது, ஒரு நகல் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் மற்றொன்று கோட்டாட்சியருக்கும் போகிறது. கோட்டாட்சியர் வட்டாட்சியருக்கும், அவர் வருவாய் ஆய்வாளருக்கும், அவர் கிராம நிர்வாக அலுவலருக்கும் அனுப்புகிறார்கள். பிறகு அறிக்கை அதே படிகளில் மேலே ஏறுகிறது. காவல்துறைப் பக்கமும் இப்படித்தான், உட்கோட்டம் வழியாக உள்ளூர்க் காவல் நிலையம் வரை இறங்கி ஏற வேண்டும். ந.க. எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதுதான் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம். எந்த மேசையில் போய் நின்றாலும் படத்தின் பெயரையோ என் பெயரையோ யாரும் கேட்கவில்லை, அந்த எண்ணைத்தான் கேட்டார்கள்.

ஜூலை மூன்றாம் வாரம் முழுவதும் எதுவும் நகரவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. மாவட்டத்தின் காவலர்களில் பெரும்பகுதி அந்தப் பாதுகாப்புப் பணியில் இருந்தபோது, எங்கள் தெருக் காட்சியைப் பற்றி அறிக்கை எழுத யாருக்கு நேரம் இருக்கும்? தென்காசிப் பக்கம் படம் எடுக்க வருபவர்கள் வானிலையைப் பார்க்கும் அளவுக்குத் திருவிழா நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். சாரல் காலம், சூரியகாந்தி பூக்கும் காலம், ஆடித்தபசு, ஊர்க் கோயில் கொடை விழாக்கள், ஆகஸ்ட் 15 ஏற்பாடுகள் எல்லாம் ஒரே ஆறு வாரத்துக்குள் அடங்குகின்றன.

இதற்கிடையில் பூ தன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. விதைத்த ஏறத்தாழ இரண்டு மாதத்தில் சூரியகாந்தி பூக்கிறது. ஒரு வயல் முழு மஞ்சளாக நிற்பது ஏறக்குறைய பத்து நாட்கள்தான். பிறகு விதை முற்றத் தொடங்கித் தலை கவிழ்ந்துவிடும். நாங்கள் முதலில் பேசிவைத்திருந்த வயலின் சொந்தக்காரர், அறுபதைக் கடந்த ஓர் அம்மாள், ஜூலை கடைசியில் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, பூவு தல கவுந்துட்டு. ஒங்க ஆபீசருமாரு கையெழுத்துப் போடுத வரைக்கும் அது நிக்குமா? நம்ம மைனி வயல்ல இப்பத்தான் மொட்டு விடுது, அங்க வேணும்னா பேசித் தாரேன்” என்றார். பேசியும் தந்தார். ஆனால் புதிய வயல் என்றால் புதிய புல எண், புதிய சம்மதக் கடிதம், புதிய அறிக்கை. விண்ணப்பத்தில் ஒரு மாற்று வயலின் எண்ணையும் முன்பே சேர்த்திருந்தால் இந்தச் சுற்று இருந்திருக்காது. கிராம நிர்வாக அலுவலர் கருணை வைத்து ஒரே நாளில் துணை அறிக்கை அனுப்பியதால் பிழைத்தோம்.

அந்த அம்மாள் முத்திரைத்தாளில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு வயலுக்குள் புகுந்து செல்ஃபி எடுப்பவர்கள் வரப்போரச் செடிகளை மிதித்துப் போடுவதை வருடம்தோறும் பார்ப்பவர் அவர். எத்தனை பேர் வயலுக்குள் இறங்குவீர்கள், எந்த வரிசையில் நடப்பீர்கள் என்றுதான் கேட்டார். ஏழு பேர் என்று எழுதிக் கொடுத்தோம். படப்பிடிப்பு நாளில் மைனி வயலின் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தார். எட்டாவதாக ஒப்பனைக்காரர் இறங்கியபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்றும் பாராமல் சத்தம் போட்டார்.

விட்டுக்கொடுத்த இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி செல்லாது. அது ரயில்வேக்குத் தனியாக எழுத வேண்டிய காரியம். கதைப்பகுதி, காப்பீடு, ஒப்பந்தப் பத்திரம், உரிமக் கட்டணம், வைப்புத்தொகை என்று அதற்கென ஒரு பட்டியல் உண்டு. எங்களிடம் இருந்த மூன்று வாரத்தில் அது முடியாது என்று தெரிந்ததும், ரயில்வே எல்லைக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் நின்று ரயில் கடந்துபோவதை மட்டும் எடுத்தோம். தோப்புக்காரருக்கு ஒரு சம்மதக் கடிதம் போதுமானதாக இருந்தது. மலை மேலுள்ள அருவியைக் கேட்காமலே விட்டோம். சரணாலயப் பகுதியாக இருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர் வரை போக வேண்டும். அதுவும் போக, அந்த ஆண்டு மே மாதம்தான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்திருந்தான். அதற்குப் பிறகு அருவிப் பக்கம் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்க எனக்கே மனம் வரவில்லை.

ட்ரோன் விஷயத்தில் ஒரு பாடம் கற்றேன். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சை மண்டலமாக உள்ள இடத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. இதைக் காவல் நிலையத்தில் வாயால் சொன்னபோது எடுபடவில்லை. வரைபடத்தின் அச்சுப்படி, ட்ரோனின் அடையாள எண், இயக்குபவரின் சான்றிதழ் மூன்றையும் ஒன்றாகத் தைத்துக் கொடுத்தபோது ஆய்வாளர் ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்.

ஆடுகளின் கதை வேறு. திரைக்கதையில் ஓர் ஆட்டு மந்தை இருந்தது. படத்தில் விலங்குகளைப் பயன்படுத்த விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதால், தணிக்கைச் சமயத்தில் வரும் தொல்லையை நினைத்து அந்தக் காட்சியையே இயக்குநர் வெட்டிவிட்டார். ஆனால் ஆடுகளுக்கு அது தெரியாதல்லவா! மூன்றாம் நாள், அனுமதி வாங்கிய அதே வண்டிப்பாதையில், நாங்கள் ‘ஆக்‌ஷன்’ சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கிடை கடந்துபோயிற்று. மேய்ப்பரிடம் போய், “அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம்” என்று கெஞ்சினால், “பாதை ஆட்டுக்கும் சேத்துத்தானே தம்பி” என்றார். புறம்போக்குச் சட்டத்தை அவரைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உத்தரவு ஆகஸ்ட் 2ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலையில் கைக்கு வந்தது. ‘செயல்முறைகள்’ என்ற தலைப்பு, ‘பொருள்’, ‘பார்வை’, அதன் கீழே நிபந்தனைகள்: போக்குவரத்துக்கு இடையூறு கூடாது, நீர்நிலையில் கழிவு சேரக் கூடாது, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, காவலர் கேட்டால் அசலைக் காட்ட வேண்டும். வாசலில் நின்றே மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் கண்ணில் பட்டது: தெருக் காட்சிக்கான தேதி 8 என்பதற்குப் பதிலாக 18 என்று இருந்தது. எங்கள் அட்டவணையில் சரியாகத்தான் இருந்தது. இடையில் ஏதோ ஓர் அலுவலகத்தின் அறிக்கையில் ஓர் ஒன்று கூடுதலாகச் சேர்ந்து, அப்படியே மேலே ஏறி வந்திருக்கிறது. மணி ஐந்தரை. திங்கட்கிழமை படப்பிடிப்பு தொடங்குகிறது. பிரிவு உதவியாளர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, இறங்கி, அறையைத் திறந்து, திருத்தக் குறிப்பைத் தட்டச்சு செய்து, அதிகாரி முகாமிலிருந்து திரும்பும்வரை என்னோடு காத்திருந்தார். ஏழே காலுக்குக் கையெழுத்து ஆயிற்று. அவர் வாங்கிக்கொண்டது ஒரு டீ மட்டும்.

பேரூராட்சியில் தெருவுக்கான கட்டணத்தையும் துப்புரவுக்கான வைப்புத்தொகையையும் கட்டி ரசீது வாங்கியிருந்தோம். படப்பிடிப்பு முடிந்ததும் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறப் போனேன். மேற்பார்வையாளர் தெருவை ஒரு முறை நடந்து பார்த்து, வேப்ப மரத்தில் விளக்குக் கட்ட அடித்திருந்த ஓர் ஆணியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, சேதமில்லை என்று எழுதினார். அலுவலகத்தில் அசல் ரசீதைக் கேட்டார்கள். அசல் ரசீது உடைப்பெட்டியோடு முந்தின இரவே சென்னைக்குப் போய்விட்டிருந்தது. கூரியரில் அது திரும்பி வர இரண்டு நாட்கள் ஆயின. காசோலையை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் அந்த அம்மாளின் வயலைப் பார்த்தேன். அறுப்பு முடிந்து, வெறும் தண்டுகள் வரிசையாக நின்றன. வரப்போர வரிசையிலும் ஒரு செடிகூடக் குறையவில்லை.