சேர்வு இடாப்பிலிருந்து எழுந்த வரலாறு

பாடசாலை நினைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எழுத்தில் இருந்த ஒரே தொடக்க ஆண்டு அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்ற ஆண்டாகவே இருந்தது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகள் பலவும் 1977 முதல் படிப்படியாக அரசிடம் வந்தவை. ஆனால் என் தாயார் அதற்கு வெகுகாலம் முன்பே, தொழிலாளர் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்துக்கு மேலிருந்த தகரக் கொட்டகையில் அரிச்சுவடி படித்தவர் என்பதால், அந்த ஆண்டை மட்டும் அச்சிட எனக்கு மனம் வரவில்லை.

தோட்ட அலுவலகத்தில் பழைய தாள்கள் எவையும் எஞ்சியிருக்கவில்லை. அதிபரின் அனுமதியுடன் பாடசாலை அலுமாரியைத் திறந்தபோது, பிள்ளைகள் சேர்ந்ததையும் விலகியதையும் பதியும் சேர்வு இடாப்புகள் மூன்று, ஈரத்தில் ஒட்டிப்போன நிலையில் கிடைத்தன. அவற்றைப் பெப்ரவரி மாதத்தில் நிழலில் விரித்து உலர்த்தி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்த பின்னரே வாசிக்கத் தொடங்கினேன். இவ்வேலையில் இறங்குவோர் படமெடுப்பதை முதலில் முடித்துவிட வேண்டும். புரட்டப் புரட்டத் தாள் உதிர்ந்துவிடும்.

விலகிய காரணம் எழுதும் நிரலில்தான் நான் நெடுநாள் தங்கிவிட்டேன். பத்து வயதை எட்டிய பிள்ளைகள் பலருக்கு நேரே, வேலைக்குப் பெயர் பதிந்ததாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் கல்வியை மட்டுமே தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கிய 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லை, தலைமுறைகள் கடந்தும் அந்த வரிகளில் அப்படியே நின்றது. 1945 இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலைகளை வெளியே விட்டுத்தான் வந்தது. பிந்திய பக்கங்களில் "இந்தியா" என்ற ஒற்றைச் சொல் வரிசையாக வருகிறது. இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பிவைக்க முடிவுசெய்த 1964 ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தம் எங்கள் வகுப்பறையிலிருந்து யார் யாரைக் கொண்டுபோனது என்பதை அங்கே பெயர் பெயராக வாசித்தேன்.

திகதி அழிந்த பக்கங்களுக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) முதியவர்களே துணை நின்றனர். ஆண்டைக் கேட்டால் தடுமாறியவர்கள், 1974 பஞ்சத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டதும் தயங்காமல் சொன்னார்கள்.

ஆறாம் வகுப்பு அரசு பொறுப்பேற்ற பின்னரே தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாகச் சாதாரண தரப் பொதுப் பரீட்சை வகுப்பு வரை வளர்ந்தது. ஆகவே, இடாப்பில் வாசிக்க முடிந்த மிகப் பழைய ஆண்டையும் இடைநிலைப் பிரிவு தொடங்கிய ஆண்டையும் தனித்தனியே அச்சிட வேண்டுமென மலர்க் குழுவிடம் கேட்டேன். ஒரே ஆண்டு போதும் என்றவர்களிடம் விலகிய காரணம் எழுதிய நிரலின் படங்களைக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளும், இந்தியா சென்ற பிள்ளைகளின் பெயர்ப் பக்கமும் மலரில் இடம்பெற்றன.