உணர்வு நரம்பின் கரு வளர்ச்சி: செல் மேற்பரப்புப் புரதங்களை நான் படித்த விதம்

முடிவு வந்துவிட்டது. வளர்ச்சி நரம்பியல் தாளில் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். அந்த நிம்மதி இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். அடுத்து இதே தாளை எழுதப்போகும் உங்களுக்கு அதன் அமைப்பு தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புரதம் புரதமாகப் படிக்காதீர்கள். ஓர் உணர்வு நியூரானை (நரம்புச் செல்லை)ப் பிடித்துக்கொண்டு, அது பிறந்த இடத்திலிருந்து தண்டுவடத்துக்குள் நுழையும்வரை கூடவே போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள்: இப்போது அதன் சவ்வில் என்ன இருக்கிறது? எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இந்த ஒரே பழக்கம்தான்.

செல்களை ஒட்டவைக்கும் சவ்வுப் புரதமான என்-கேட்ஹெரினையே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புக் குழலில் (மூளையும் தண்டுவடமும் உருவாகும் கருக் குழாயில்) செல்களைப் பிணைத்து வைத்திருக்கிறது. நரம்பு முகட்டுச் செல்கள் (உணர்வு நியூரான்களின் முன்னோடிகள்) அங்கிருந்து கிளம்பும்போது குறைகிறது. அவை போய்ச் சேர்ந்து முதுகுவேர் நரம்பு முடிச்சாக (தண்டுவடத்தின் பக்கத்தில் உணர்வு நியூரான்களின் தொகுப்பாக) திரளும்போது மறுபடி கூடுகிறது. "ஒட்டும் புரதம்" என்று எழுதி நிறுத்திவிட்டால் இந்தக் கதை முழுவதும் விடுபட்டுப் போகும். கேட்ஹெரினுக்குக் கால்சியம் வேண்டும், மற்றோர் ஒட்டும் புரதமான என்கேமுக்கு (NCAM) வேண்டாம். என்கேமின்மேல் பாலிசியாலிக் அமிலம் என்ற சர்க்கரைச் சங்கிலி ஏறினால் பிடி தளரும்.

வழியில்: கோழிக் கருவில் சோமைட்டின் (நரம்புக் குழலின் இருபுறமும் உள்ள திசுக்கட்டியின்) பின்பாதியில் எஃப்ரின்-பி என்ற சவ்வுப் புரதம், முகட்டுச் செல்லில் அதன் ஏற்பி. சேர்ந்தால் விலக்கம். ஆகவே செல்கள் முன்பாதி வழியாகவே போகின்றன. சுண்டெலியில் இந்த வேலையில் நியூரோபிலின்-2 (ஏற்பி), செமாஃபோரின் 3எஃப் (விலக்கும் புரதம்) இணைக்குப் பெரிய பங்கு. எந்த விலங்கு என்பதை விடையில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

மனப்பாடம் செய்தே ஆகவேண்டியவை (ஏற்பி: அதில் சேரும் வளர்ப்புப் புரதம், அந்த நியூரானின் உணர்வு):
- டிரக்ஏ: என்ஜிஎஃப், வலி
- டிரக்பி: பிடிஎன்எஃப், தொடுவுணர்வில் ஒரு பகுதி
- டிரக்சி: என்டி-3, தசைநீட்சி உணர்வு

என்ஜிஎஃப் என்றதும் 1986 நோபல் பரிசிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அதைக் கண்டறிந்து பரிசு பெற்ற லெவி-மொண்டால்சினியின் வாழ்க்கை எனக்கும் மிகவும் பிடித்ததுதான். ஆனால் கேள்வி ஏற்பியைப் பற்றியது.

அதிக நேரம் கொடுக்கவேண்டியது சோதனைப் படங்களுக்கு. கொலாஜன் கூழில் ஒரு நரம்பு முடிச்சு, பக்கத்தில் செமாஃபோரின் 3ஏ சுரக்கும் செல்கள். என்ஜிஎஃப் ஊற்றிய தட்டில் அந்தப் பக்கத்து ஆக்சான்கள் (நியூரானின் நீண்ட இழைகள்) குட்டையாக நிற்கும், மறுபக்கத்தில் நீண்டு போகும். என்டி-3 ஊற்றிய தட்டிலோ சுற்றிலும் ஏறத்தாழ ஒரே நீளம். முதல் தட்டில் வளர்பவை வலி நரம்புகள், இரண்டாவதில் தசைநீட்சி நரம்புகள். தண்டுவடத்தின் வயிற்றுப்புறத்தில் செமாஃபோரின் 3ஏ இருப்பதால், வலி நரம்புகள் முதுகுப்புறக் கொம்பிலேயே நின்றுவிடுவதற்கும், தசைநீட்சி நரம்புகள் வயிற்றுப்புறம்வரை இறங்குவதற்கும் இப்படிப்பட்ட சோதனைகள் ஒரு விளக்கம் தந்தன. ஒரு வரி மறக்காமல் சேருங்கள்: செமாஃபோரினைப் பிடிப்பது நியூரோபிலின்-1, செய்தியை உள்ளே கடத்துவது பிளெக்சின்-ஏ. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

படம் வரைவதில் சோம்பல் வேண்டாம். என்கேம் என்றால் இம்யூனோகுளோபுலின் வளையம் ஐந்து, ஃபைப்ரோனெக்டின் வகைப் பகுதி இரண்டு. எல்1 என்ற இன்னோர் ஒட்டும் புரதம் என்றால் முறையே ஆறும் ஐந்தும். சவ்வுக்கு வெளியே எது, உள்ளே எது என்று பெயரிட்ட படம் அரைப்பக்க உரைநடையைவிட மேல்.