ஹெச்1பி சண்டையும் ஓசூர் பேச்சும்

சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைத் தன் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக 2024 டிசம்பரில் டிரம்ப் அறிவித்ததும் இணையத்தில் கிளம்பிய வசவுகளை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கு நாட்டுவாரியாக இருக்கும் உச்சவரம்பை எடுக்க வேண்டும் என்பதுதான் ஸ்ரீராம் சொன்ன கருத்து. அதை மறுத்துப் பேசலாம், தாராளமாகப் பேசலாம். ஆனால் வந்ததில் பெரும்பகுதி மறுப்பே இல்லை, இந்தியர்களின் நிறம், சாப்பாடு, சாமி எல்லாவற்றையும் இழுத்து வைத்துக் கேவலப்படுத்தினார்கள்.

பேசுவதற்கு விஷயமா இல்லை? வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதம்தான், இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, அதனால் நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே தற்காலிகமாக வேலை செய்யத் தரும் ஹெச்1பி விசா வருடத்துக்கு 65,000, அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000, அதுவும் குலுக்கல் முறையில். விசா போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர் சம்பளம் உயர்த்திக் கேட்கத் தயங்குவார், அதைக் கம்பெனிகள் பயன்படுத்திக்கொள்கின்றன என்று ஒரு அமெரிக்கத் தொழிலாளி சொன்னால், அது நியாயமான கவலை. நான் அவர் பக்கம் நின்று கேட்பேன்.

சரி, இங்கே வருவோம். அந்த வசவுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக் கொதித்த நம் ஊர் ஆட்களில் சிலரே, ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் பீகார், ஒடிசா பையன்களைப் பற்றி எழுதும்போது 'வடக்கன்' என்று ஆரம்பித்து பாக்கு, அழுக்கு, திருட்டு என்று போகிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை. காண்ட்ராக்ட் முறையால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கிடைப்பதில்லை என்றால் காண்ட்ராக்டரைக் கேளுங்கள், கம்பெனியைக் கேளுங்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்கு அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்களே, அது ஒழுங்காக நடந்திருந்தால் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியே அடைபட்டிருக்கும்.

பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகாத ஊர் உண்டா? 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் அங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது, அங்கிருந்த நம்மவர்களை நினைத்து இங்கே எத்தனை வீட்டில் தூங்காமல் இருந்தார்கள்! அதே பயத்தைத்தான் 2023 மார்ச்சில் பீகார் குடும்பங்கள் அனுபவித்தன, தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது. அது பொய் என்று போலீஸ் மறுத்தும், பயந்துபோய் ரயில் ஏறிய தொழிலாளிகள் உண்டு. அப்படி ஒரு வீடியோ உங்கள் போனுக்கு வந்தால், யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று அனுப்பியவரையே கேளுங்கள். பதில் வரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.