"நீங்க என்னன்னு போட்டிருப்பீங்க, டீச்சர்?"

மகளுக்கு ஏன் அரும்பு, அதாவது ஒன்றாம் வகுப்பு நிலை, என்று போட்டீர்கள் என்று கேட்ட ஓர் அம்மாவுக்கு நான் முதலில் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. "நான் போடலம்மா. மதிப்பீடு முடிச்சதும் செயலியே அரும்புன்னு காட்டிடும்" என்றேன். நடந்ததும் அதுதான். அவர் அதோடு கிளம்பியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். ஆனால் அவர் நின்று, "சரி டீச்சர், அது அப்படிக் காட்டுது. நீங்க போடறதா இருந்தா என்னன்னு போட்டிருப்பீங்க?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. மகள் மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே வட்டத்தில் உட்கார்ந்து அவர்களுடைய எழுத்துகளையே படித்துக்கொண்டிருந்தாள். "அவ நல்லாத்தாம்மா படிக்கிறா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

2022 ஜூனில் அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அதை மனதார வரவேற்றவள் நான். இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கொரோனாவில் போனது. பள்ளி வாசலை முதன்முதலாக மிதித்ததே 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாக. அவர்களிடம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து 'படி' என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பதுதான் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள். முறையே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு நிலைகள். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோதும் இதே எண்ணம்தான் இருந்தது. ஏணிப்படியும் அட்டைகளும், பிள்ளைகள் எட்டும் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்த கரும்பலகையுமாக. அப்போது ஒரு பிள்ளை அடுத்த அட்டைக்குப் போகலாமா என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துச் சொன்னேன். இப்போது அதைச் சொல்வது செயலி.

அந்த அம்மாவின் மகளுக்கு மதிப்பீடு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கைபேசியைக் கொடுத்தால், மற்ற அத்தனை பேரையும் அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு வேலையில் இறக்கிவிட்டாக வேண்டும். சிக்னல் வாசற்படியில்தான் கிடைக்கும். அங்கேதான் உட்கார்ந்தோம். திரையில் ஒரு படம், கீழே நான்கு சொற்கள். அவள் எப்போதும் விரல் வைத்துத்தான் வாசிப்பாள். அப்படி வாசிக்கப் பழக்கியவள் நான். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தினால்தான் அவளுக்கு வரி பிடிபடும். முதல் சொல்லின் மேல் விரலை வைத்து 'ப... ற...' என்று ஆரம்பித்தாள். விரல் பட்டதும் அந்தக் கட்டம் நிறம் மாறியது. வேலை முடிந்தது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டாள். 'வை' வரைக்கும் அவள் போகவே இல்லை.

மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மதிப்பீட்டின்போது பிள்ளைக்கு உதவக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அடுத்த கேள்வியில், "கை வைக்காம படி கண்ணு" என்று மட்டும் சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இல்லாததால் இடம் தவறியது. கடைசியில் ஏதோ ஒன்றை அழுத்தினாள். பிறகு வந்த கேள்விகளும் ஏறத்தாழ அப்படித்தான் போயின.

பெரிய டீச்சர் அன்றே சொன்னார். "அவளுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுது. அவ வாயால சொல்லட்டும், நீ அழுத்திடு. கண்ணாடியைத் தொடத் தெரியலைங்கிறதுக்காகப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியலைன்னு எழுதுவியா?" நான் மறுத்தேன். என் காரணம் எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது. ஒரு பிள்ளைக்கு நான் அழுத்தினால் அடுத்த பிள்ளைக்கும் அழுத்தத் தோன்றும். யார் மேல் எனக்குப் பிரியமோ அவர்கள் எல்லாம் மலர், முகம் கொடுத்துப் பேசாத பையன் அரும்பு என்று ஆகிவிடும். ஆசிரியர் கண்ணுக்கு நல்ல பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளையாகத் தெரிவதை எல்லாப் பள்ளியிலும் பார்த்திருக்கிறேன்.

அதே வாரம் அதற்குச் சாட்சியும் கிடைத்தது. அந்த வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவன் என்று நான் நினைத்திருந்த ஒரு பையன். கதை அட்டையைக் கையில் எடுத்தால் மடமடவென்று ஒப்பிப்பான். திரையில், அவன் அதுவரை பார்த்திராத சொற்கள் வந்தன. ஒன்றைக்கூட அவனால் கூட்டி வாசிக்க முடியவில்லை. படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். செயலி இல்லையென்றால் அவனை மலரில் உட்காரவைத்திருப்பேன். மூன்றாம் வகுப்பும் முடிந்திருக்கும், அவன் மனப்பாடத்திலேயே மேலே போயிருப்பான். அதனால் 'கருவிக்குப் பிள்ளையைத் தெரியாது, டீச்சருக்குத்தான் தெரியும்' என்று பொதுவாகச் சொல்ல என்னால் முடியாது. அவன் விஷயத்தில் அதற்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த அம்மா என்னைக் கேட்டது கருவியைப் பற்றி இல்லை. அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வேலையை விட்டுவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்து, என் கணிப்பைக் கேட்டார். நான் 'மொட்டு' என்று சொல்லியிருந்தால், "அப்போ ஏன் அரும்புல உக்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருப்பார். 'அரும்பு' என்று சொல்லியிருந்தால், நான் நம்பாத ஒன்றைச் சொன்னதாக இருந்திருக்கும். இரண்டும் வேண்டாம் என்று, நன்றாகப் படிக்கிறாள் என்றேன். எந்தப் பதில் சரியாக இருந்திருக்கும் என்று வண்டியில் வரும்போதெல்லாம் யோசிப்பேன். 'எனக்கு மொட்டுன்னு தோணுதும்மா, ஆனா திரையில அவளால செய்ய முடியல, ரெண்டு பக்கமும் பார்த்துக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். எழுதும்போது நன்றாக இருக்கிறது. மகள் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்த தாயிடம் சொல்லும்போதும் அப்படி இருக்குமா, தெரியவில்லை.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் விரல் விஷயத்தைச் சொன்னேன். இன்னும் சிலரும் தங்கள் பிள்ளைகள் அப்படித்தான் என்றார்கள். பின்னூட்டமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு மதிப்பீட்டுக்கு முன்பும் பிள்ளைகள் கையில் கைபேசியைக் கொடுத்து, தொடுவது எது, வாசிப்பது எது என்று பழக்குகிறேன். அதற்குப் போகிற நேரம் வாசிப்பிலிருந்துதான் போகிறது. பெரிய டீச்சருக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். செயலி காட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் என் கணிப்பை எழுதிவிடுவேன். இரண்டும் ஒத்துப்போகாத பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் பார்க்காத ஒரு பக்கத்தைக் காகிதத்தில் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். யாரும் கேட்டு நான் இதைச் செய்யவில்லை.

அவள் இப்போது பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. சரளமாக வாசிக்கிறாள். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துகளை மறுபடி முதலிலிருந்து படித்ததால்தான் அந்தச் சரளம் வந்தது என்று சில நாள் தோன்றும். அந்தப் பருவம் அவளுக்கு வீணாய்ப் போனது, அவளாகவே மீண்டு வந்தாள் என்று சில நாள் தோன்றும். அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்க்கும்போது பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று நான்தான் கேட்கிறேன். நல்லாப் படிக்கிறா டீச்சர் என்கிறார்.